மாட்டாமையும் மடியும்

‘மாட்டேன்’ என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் ஒன்று. முன்னையோர் கொண்ட பொருள் மற்றொன்று. பிள்ளையைப் பார்த்து, ‘அந்தக் கொப்பியை எடுத்து வா’ என்கிறோம். ‘மாட்டேன்’ என்று பிள்ளை சொன்னால், அதற்கு மனமில்லை என்பது பொருள். பழந்தமிழிலோ ‘மாட்டுதல்’ என்பது இயலுதல், வல்லதாதல். ‘மாட்டேன்’ என்றால் ‘அதற்கு வேண்டிய ஆற்றல் என்னிடம் இல்லை’ என்பதே கருத்து. ‘மாட்டாமை’ என்னும் தொழிற்பெயர் அப்பழம் பொருளைச் சுமந்துகொண்டு இன்றும் அகராதியிற் கிடக்கின்றது. இயலாமையை உணர்த்த எழுந்த சொல், காலப்போக்கில் மறுப்பை உணர்த்தும் சொல்லாகிவிட்டது. ‘முடியாது’ என்னும் சொல்லும் இப்போது அதே வழியில் நடந்துகொண்டிருப்பதைச் செவியுள்ளோர் கேட்கலாம்.

இச்சொல்லாராய்ச்சியை ஈண்டு எடுத்தது ஒரு நோயின் பொருட்டு. சொல்லில் நூற்றாண்டுக் கணக்கில் நிகழ்ந்த திரிபு, அந்நோயாளரைச் சூழ இருப்போர் மனத்தில் நாள்தோறும் நிகழ்கின்றது. அவர் ‘இயலவில்லை’ என்கிறார். கேட்போர் செவியில் அது ‘விரும்பவில்லை’ என்று விழுகின்றது.

பாரிசவாதம் என்பது யாவரும் அறிந்த பெயர். பாரிசம் என்பது பக்கம். பார்சுவம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்து கிடப்பதைக் கண்டோர் இட்ட பெயர் அது. பக்கவாதம் என்பாரும் உளர். கண்ணுக்குத் தெரிந்தது பக்கம். ஆதலின் பெயரும் பக்கத்தின்மேல் நின்றது. நோய் இருப்பதோ தலையில். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகின்றது, அல்லது வெடிக்கின்றது. குருதி பெறாத பகுதி சில நிமிடங்களுள் அழியத் தொடங்குகின்றது. முகம் கோணினால், கை சோர்ந்து விழுந்தால், நாக்குழறினால் ஒரு கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். உரிய வேளையிற் சேர்ந்தோர் பலர் பிழைக்கின்றனர், நடக்கின்றனர், பேசுகின்றனர். ‘சுகமாகிவிட்டது’ என்று வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர். நான் சொல்ல வந்த பொருள் அந்த இடத்திலேதான் தொடங்குகின்றது.

பிழைத்தவருள் ஏறக்குறையப் பாதிப்பேரை ஒரு களைப்புப் பற்றிக்கொள்கின்றது. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு ஏறியும் இறங்கியும் காணப்படினும், பாதி என்பது மிகைபடாத மதிப்பு. உழைத்த களைப்பு உறங்கினால் தீரும். வெயிலில் நின்று தோட்டம் கொத்தியவன் கிணற்றில் அள்ளிக் குளித்து, கஞ்சி குடித்து, திண்ணையிற் சாய்ந்தானாயின் மறுநாட் காலையிற் புதிய ஆளாய் எழுவான். இக்களைப்பு அத்தன்மையதன்று. உழைப்பின்றியும் வரும், உறங்கியும் போகாது. கைகால் வலுவிழந்தவருக்கு மட்டும் வருவதுமன்று. இழந்ததெல்லாம் திரும்பப் பெற்றவருக்கும், மிகச் சிறிய அளவில் நோய் கண்டவருக்கும் வருகின்றது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிலைக்கின்றது. மனச்சோர்வு நோயோடு கைகோத்து வருவதுண்டு. ஆயினும் அதுவே இதுவன்று. மனச்சோர்வு கொண்டவருக்கு விருப்பமே வற்றிப்போகும். இவருக்கோ விருப்பம் ஊற்றுப்போல இருக்கின்றது. இறைப்பதற்குத்தான் கயிறு இல்லை.

எனக்கு நெடுங்கால நண்பர் ஒருவர், கணித ஆசிரியர். ஓய்வுபெற மூன்றாண்டு இருக்கையிற் பாரிசவாதம் கண்டது. இடக்கை ஆறு வாரத்தில் திரும்பியது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. நான்காம் மாதம் பாடசாலைக்குச் சென்றார். முதற் பாடவேளையில் அவர் பழைய மனிதராகவே இருந்தாராம். இரண்டாம் பாடவேளையின் நடுவில், கரும்பலகையின் முன் நின்றவர் நாற்காலியைத் தேடினார். மூன்றாம் வாரத்தில் ஆசிரியர் அறையிற் பேச்சு எழுந்தது. நடை நன்று, கை நன்று, பேச்சு நன்று என்று வைத்தியச் சான்றிதழ் சொல்லுகையில், இவர் ஏன் சாய்வதற்கு இடம் தேடுகிறார் என்றனர். ‘சம்பளத்தோடு சுகம் காண்கிறார்’ என்று ஒருவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சான்றிதழில் நடைக்கு ஓரிடம் இருந்தது, கைக்கு ஓரிடம் இருந்தது. களைப்புக்கு இடம் இல்லை.

நான் வீட்டுக்குச் சென்றபோது அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மடியில் மாணவர் கொப்பிகள்.

“ஏலாது, பண்டிதர்” என்றார். “கணக்கு விளங்குது. செய்ய வேணும் எண்டும் கிடக்குது. பத்துக் கொப்பி திருத்தினால், பதினோராவது கொப்பி மலை மாதிரி நிக்குது. படுத்து எழும்பிப் பார்த்தாலும் அந்த மலை அங்கைதான்.”

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவியார், “முந்தி விடிய நாலு மணிக்கு எழும்பிற மனிசன், ஐயா. இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?” என்றார்.

‘ஏலாது’ என்பதே அவர் சொன்ன சொல். எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கில், மாட்டாமைப் பொருளைப் பெரும்பாலும் இழக்காமல் நிற்கும் சொல் அது. வருத்தம் கண்டு கிடப்பவரை ‘ஏலாமல் இருக்கிறார்’ என்போம். அதனுள் பழி இல்லை. தமிழில் இவ்வகைச் சொற்கள் பல. களைப்பு என்பது பெரும்பாலும் உழைப்பின் பின் வருவது. இளைப்பு மூச்சோடு சேர்ந்தது. தளர்ச்சி முதுமையோடும் பிணியோடும் வருவது. அயர்ச்சி நினைவையும் மங்கச் செய்வது, அயர்த்தல் மறத்தலுமாகும். சோர்வு உடலுக்கும் உள்ளத்துக்கும் பொது. இவற்றுள் எதுவும் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. சோம்பலும் மடியும் அவ்வாறல்ல. அவை ஒழுக்கத்தின்பாற் பட்டவை. திருக்குறளில் மடியின்மை 61ஆம் அதிகாரம். அதற்கு முன்னது ஊக்கமுடைமை, பின்னது ஆள்வினையுடைமை. அந்த வரிசையே கருத்தைக் காட்டும். ஆற்றல் இருந்தும் அதனைத் தொழிற்படுத்தாதவனையே ஆசிரியர் கடிகின்றார். ஆற்றல் எழாதவனை அவ்வதிகாரத்தால் அடிப்பது அவனுக்கு மட்டுமன்றி நூலுக்கும் இழைக்கும் அநீதி. நம் தொழிலில் உள்ளோர் அவ்வதிகாரத்தைப் பிரம்புபோல் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டாதலின் இதனைச் சொல்ல நேர்ந்தது.

‘ஆற்றல் எழவில்லை’ என்பது வெறும் சொல்தானோ, காட்டத்தக்க சான்று உண்டோ எனில், அது நியாயமான வினா. என்னிடம் தமிழ் கற்று இன்று வைத்தியராயிருக்கும் ஒருவர் இதுபற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றை எனக்கு அனுப்பி, விளங்காத இடங்களைப் பொறுமையோடு விளக்கினார். மாணவர் ஆசிரியராகவும் ஆசிரியர் மாணவராகவும் மாறிய அந்த மாலைப்பொழுதுகளில் அறிந்தவற்றையே கீழே தருகின்றேன்.

மாறுகின்ற காந்தப்புலம் அருகில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று 1831இல் மைக்கேல் பரடே கண்டார். 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அன்ரனி பார்க்கரும் கூட்டாளிகளும் அவ்விதியை மனித மூளைக்குக் கொண்டுசென்றனர். கம்பிச்சுருள் ஒன்றைத் தலைமேற் பிடித்துக் கணப்பொழுது வலிய மின்னோட்டத்தை அதனூடு பாய்ச்சினால், எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்பும். கை அசைவை ஆளும் பகுதியின்மேல் அச்சுருளைப் பிடித்தால், எதிர்ப்பக்கத்துக் கைவிரல் தானே துள்ளும். எவ்வளவு வலிய துடிப்புக்கு விரல் துள்ளத் தொடங்குகின்றது என்பதை அளக்கலாம். மெல்லிய துடிப்புக்கே துள்ளினால், அப்பகுதி தட்டியவுடன் திறக்கும் கதவு போன்றது. வலிய துடிப்பு வேண்டுமாயின், துருப்பிடித்த கீல் உடைய கதவு போன்றது. இவ்வளவையில் ஒரு நேர்மை இருக்கின்றது. ‘முயன்று பாரும்’ என்று நோயாளரை யாரும் கேட்பதில்லை. அவர் முயலவும் இல்லை. அவருடைய ஊக்கமோ மடியோ இவ்வளவில் கலப்பதற்கு வழியில்லை.

இந்தக் கருவியைக் கொண்டு, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அன்னபூர்ணா குப்புசாமி என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் பாரிசவாதத்திலிருந்து மீண்ட 70 பேரை ஆராய்ந்து 2015இல் முடிபை வெளியிட்டனர். அவர்கள் தேர்ந்த எழுபதின்மரும் மனச்சோர்வு நோய் இல்லாதவர், கைகாற் பலவீனமும் அதிகம் இல்லாதவர். அதாவது, ஊரார் ‘சுகமாகிவிட்டது’ என்று சொல்லும் கூட்டம். களைப்பு மிகுதியென்று சொன்னவரிடத்து மூளையின் இயக்கப்பகுதி எளிதில் எழாததாய் இருந்தது. களைப்புக் குறைந்தவரிடத்து எளிதில் எழுந்தது. இரண்டும் கூடி நிற்கின்றன என்பதே அது காட்டியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அதனால் மட்டும் துணிய இயலாது. எனினும் நண்பரின் ‘ஏலாது’ என்னும் சொல்லுக்கு ஒத்த ஒன்று மூளையிலும் உண்டு என்பதற்கு இது சான்று.

அக்குழுவினர் முன்வைக்கும் விளக்கம் ஒன்றும் என்னைக் கவர்ந்தது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்க இயலாது. ஏன்? தன் கை செய்யப்போவதை மூளை முன்னரே அறிந்து, அதனால் எழும் உணர்ச்சியை அடக்கிவிடுகின்றது. இந்த அடக்கம் எந்நேரமும் நடந்துகொண்டிருக்கிறது. கையைத் தூக்கினால் கையின் பாரம் நமக்குத் தெரிவதில்லை. எழுதினால் விரல் ஒவ்வொன்றும் படும் பாடு தெரிவதில்லை. தெரிந்தால் ஒரு வரி எழுதுவதற்குள் ஓய்ந்துவிடுவோம். இக்களைப்புடையாரிடத்து அவ்வடக்கம் தளர்ந்துபோகின்றது. ஆகவே எளிய செயலும் பெருமுயற்சியாக உணரப்படுகின்றது என்பது அவர் கருத்து. இது கருதுகோளே, முடிந்த முடிபன்று. ஆயினும் பதினோராவது கொப்பி மலையாவது எவ்வாறு என்று கேட்பவருக்கு, ‘சோம்பல்’ என்பதைக் காட்டிலும் அறிவுடைய விடை.

இனி, கதவு இறுகியிருந்தால் கீலுக்கு எண்ணெய் இடலாகாதா என்பது அடுத்த எண்ணம். அவ்வெண்ணெய் மின்சாரம். மின்னால் தலைநோய் தீர்க்கும் ஆசை மிகப் பழையது. உரோமாபுரியில் குளோடியஸ் மன்னன் காலத்து வைத்தியரான ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையைத் தலைமேல் வைக்குமாறு எழுதியுள்ளார். திருக்கையைக் கறியாக மட்டும் அறிந்த நமக்கு இது வியப்பே. கல்வானி தவளைக்காலில் மின்னைக் கண்டு 1791இல் எழுதினார். வோல்ட்டா 1800இல் மின்கலம் செய்தார். உடனே கல்வானியின் மருமகன் அல்டினி அம்மின்கலத்தை எடுத்துக்கொண்டு, பொலோஞா நகரில் மனச்சோர்வு கொண்ட ஓர் இளம் உழவனின் தலையில் மின் செலுத்தி, அவன் தேறினான் என்று 1804இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இதே அல்டினிதான் 1803இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்டவனின் உடலில் மின் செலுத்தி அதன் தாடையையும் கையையும் அசையச் செய்து கண்டோரை நடுங்கவைத்தவர். வைத்தியமும் வேடிக்கையும் பிரியாதிருந்த காலம் அது. 1964இல் இங்கிலாந்தில் லிப்போல்டு, ரெட்பேர்ண் என்னும் இருவர் மெல்லிய மின்னோட்டத்தால் மனச்சோர்வை மாற்றலாமோ என்று ஆராய்ந்தனர். மாத்திரைகள் பெருகிய காலத்தில் அம்முயற்சி ஒதுங்கிப்போயிற்று. 2000ஆம் ஆண்டில், ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்னும் இருவர் அதை மீண்டும் கையில் எடுத்தனர். தலைமேல் சில நிமிடம் மெல்லிய மின்னோட்டம் செலுத்தியபின், முன்சொன்ன காந்தச் சுருளால் அளந்தனர். அனோட்டு வைத்த இடத்து மூளை எளிதில் எழுந்தது. கதோட்டு வைத்த இடத்து எழுவது அரிதாயிற்று. மின் நின்ற பின்னும் அம்மாற்றம் சிறிதுநேரம் நின்றது. அளவுகோல் கையில் வந்தபின்தான் அல்டினியின் வேடிக்கை விஞ்ஞானமாயிற்று.

இம்முறைக்கு மண்டையூடு நேரோட்டத் தூண்டல் என்று பெயரிடலாம். ஒரே திசையில் ஓடும் மின்னுக்கு ‘நேரோட்டம்’ என்று நம் நாட்டுப் பாடநூல்கள் தந்த சொல், தமிழகத்தாரின் ‘நேர்மின்னோட்டம்’ என்பதிலும் சுருக்கமும் ஓசையும் உடையது என்பது என் எண்ணம். கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை. உப்புநீரில் நனைத்த கடற்பஞ்சு உறைகளுக்குள் மின்வாய்களை இட்டு, தலையில் இரப்பர்ப் பட்டியால் கட்டுகின்றனர். பற்றறியில் இயங்கும் சிறு பெட்டியிலிருந்து 1 முதல் 2 மில்லி அம்பியர் மின் 20 நிமிடம் வரை பாய்கின்றது. பழைய கைவிளக்குக் குமிழினூடு பாயும் மின்னில் நூறில் ஒரு பங்கும் இல்லை. அதிலும் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலுமே சிதறிவிட, எஞ்சியதே மூளையை அடைகின்றது. அம்மின் நரம்புக் கலத்தை எழுப்புவதுமில்லை. எழத் தயாராயிருக்கும் நிலைக்குச் சற்று அருகே தள்ளிவைக்கின்றது, அவ்வளவே.

‘தலைக்குக் கறண்ட் வைப்பது’ என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது வேறு. 1938இல் உரோமில் செர்லெட்டி, பினி என்போர் தொடங்கிய வலிப்புச் சிகிச்சை அது. அங்கே செல்லும் மின் இதனிலும் பன்னூறு மடங்கு. அதன் நோக்கமே வலிப்பை உண்டாக்குதல். இங்கே நோயாளர் விழித்திருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறார். பஞ்சின் கீழே எறும்பு ஊர்வதுபோலச் சிறு தினவு, சிலருக்குத் தோற்சிவப்பு அல்லது தலையிடி. பெரும்பாலும் அதோடு சரி.

அத்தினவு ஆராய்ச்சியாளருக்கு ஒரு தொல்லையும் ஆயிற்று, ஓர் உதவியும் ஆயிற்று. களைப்புப் போன்ற நோயில், ‘சிகிச்சை பெற்றேன்’ என்னும் எண்ணமே பாதிச் சிகிச்சை. ஆகவே ஒரு சாராருக்கு மெய்யான மின்னும், மற்றொரு சாராருக்குப் பொய்யான மின்னும் தருதல் வேண்டும். யாருக்கு எது என்று கொடுப்பவரும் அறியலாகாது, பெறுபவரும் அறியலாகாது. பொய்ச் சிகிச்சையிலும் முதலிற் சிறிதுநேரம் மின் செலுத்தித் தினவை உண்டாக்கிவிட்டுப் பின் மெல்ல நிறுத்திவிடுவர். தோல் அதன்பின் எப்படியும் மரத்துப்போவதால் வேறுபாடு தெரிவதில்லை. நாடக மேடைக்குரிய தந்திரம். உண்மையைக் காண்பதற்குப் பயன்படுகின்றது.

இலண்டன் குழுவினர் இம்முறையிற் களைப்பு மிகுந்த 30 பேரை ஆராய்ந்து 2021இல் முடிபை வெளியிட்டனர். இருபுறத்து இயக்கப் பகுதிகளின் மேலும் அனோட்டு வைத்து, ஒரே ஒரு தடவை மின் செலுத்தினர். ஒரு வாரத்தின் பின் கேட்டபோது, மெய்யான மின் பெற்றோரின் களைப்பு, பொய் மின் பெற்றோரோடு ஒப்பிடக் குறைந்திருந்தது. நோயுற்ற பக்கத்து மூளையின் அளவையிலும், ஒரு செயலைச் செய்கையில் உணரும் முயற்சியின் அளவிலும் மாற்றம் காணப்பட்டது. பயன் எல்லோருக்கும் ஒரே அளவாய் இருக்கவில்லை. தொடக்கத்தில் அவரவர் கொண்டிருந்த மனப்பதற்றத்தின் அளவோடு அது தொடர்புற்றிருந்தது. ஐந்தாம் வாரத்திலும் அளந்தனர். ஆயினும் பயன் ஒரு வாரம் வரை நின்றது என்பதே அவர் சொல்லும் முடிபு.

முப்பது பேர், ஒரு தடவை, ஒரு வாரம். இதைப் பெரிதாக்கவும் கூடாது, சிறிதாக்கவும் கூடாது. எத்தனை நாள் தொடர்ந்து கொடுத்தால் பயன் நிலைக்கும், நெற்றிப்புறத்து மூளையில் வைப்பது நன்றோ இயக்கப் பகுதியில் வைப்பது நன்றோ, யாருக்குப் பயன்படும் யாருக்குப் பயன்படாது என்பவற்றைப் பெரிய ஆய்வுகளே சொல்ல வேண்டும். இதே நோக்கிற் சீனத்திலும் ஆய்வு நடந்துள்ளது. ஆயினும் பாரிசவாதக் களைப்புக்கு இது ஆராய்ச்சி நிலையைக் கடந்த சிகிச்சை ஆகிவிடவில்லை.

இதனை இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கனடாவில் இருக்கும் நண்பரின் மைத்துனர், இவ்வகைப் பெட்டிகள் அங்கே கடையில் விற்கின்றன என்று அறிந்து, ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். நண்பரின் முகத்தில் நெடுநாளின் பின் ஓர் ஒளி. என் அபிப்பிராயத்தைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. மூளையில் வடு உள்ளவருக்கு வலிப்பு வருவதற்கு இடமுண்டு; தலையில் உலோகம் பதித்தவருக்கு இது ஆகாது; பஞ்சு உலர்ந்துவிட்டால் தோல் சுடும். அனோட்டுக்கும் கதோட்டுக்கும் இடம் மாறினால் கதவு திறப்பதற்குப் பதிலாக மேலும் இறுகவுங்கூடும். ஆராய்ச்சிக்கூடத்தில் மின்வாய் வைப்பதற்கு முன் காந்தச் சுருளால் இடம் தேடுகின்றார்கள்; வீட்டில் எதைக் கொண்டு தேடுவது? இவற்றை வைத்திய மாணவரே வந்து அவருக்கு எடுத்துச் சொன்னார். நண்பர் கணித ஆசிரியராதலால், முப்பது என்னும் எண்ணைக் கேட்டவுடன் தாமே சிரித்துவிட்டார். பெட்டி வரவில்லை.

மருந்து இல்லையோ எனில், தேடினார்கள். கொரியாவில் 2007இல் புளுவொக்செற்றீன் என்னும் மனச்சோர்வு மருந்தைப் பரீட்சித்தார்கள். அடக்கமின்றி அழும் குறை தணிந்ததேயன்றிக் களைப்புத் தணியவில்லை. களைப்பு மனச்சோர்வின் மறுபெயரன்று என்பதற்கு அதுவும் ஒரு சான்று. விழிப்பூட்டும் மொடபினில் என்னும் மருந்து 2017இல் ஆஸ்திரேலியாவில் 36 பேருள் பயன் காட்டிற்று. அதற்கு முன் 2015இல் டென்மார்க்கில் 41 பேருள் எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. எந்தச் சிகிச்சைக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று 2015இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வு ஒன்று முடிவு செய்தது. வைத்தியர் இன்று செய்வது, களைப்பைப் பெருக்கும் மற்றக் காரணங்களைத் தேடுவது: குருதிச்சோகை, தைரொயிட்டுக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், உண்ணும் மாத்திரைகளின் விளைவு. நண்பருக்கு இவை யாவும் பார்த்தாயிற்று. வேலையைப் பகுத்துக்கொள்ளுமாறும் சொன்னார்கள். ஐந்து கொப்பி, அரைமணி ஓய்வு, மறுபடி ஐந்து. மலை போகவில்லை; படி வெட்டிக்கொண்டார்.

இவ்வாராய்ச்சியில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று இதுகாறும் வாசித்தோர் கேட்கலாம். காந்தச் சுருள் விரல் துள்ளலை அளக்கும், களைப்பை அளக்காது. 2021ஆம் ஆண்டு ஆய்வில் மின் பயன்பட்டதோ என்பதைத் தீர்மானித்த முதன்மை அளவுகோல், கேள்விகள் எழுதிய ஒரு தாள். இவ்வகைத் தாள்களுட் பெயர்பெற்றது 1989இல் அமெரிக்காவில் லோரன் குறுப்பும் கூட்டாளிகளும் ஆக்கியது. அதில் ஒன்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்று நோயாளர் ஒன்று முதல் ஏழு வரை எண் இட வேண்டும். களைப்பு வேலைக்குத் தடையாகின்றதா, குடும்பத்தைப் பாதிக்கின்றதா, மனத்தின் ஊக்கத்தைக் குறைக்கின்றதா என்னும் போக்கில் அவை செல்கின்றன. கோடி பெறும் கருவிகள் சூழ நிற்க, நடுவில் இருந்து தீர்ப்புச் சொல்வது சொல்லே.

நானும் வைத்திய மாணவரும் எங்கள் பயிற்சிக்காக அத்தாளைத் தமிழாக்க அமர்ந்தோம். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டோம். களைப்பு என்று எழுதினால், ‘நான் என்ன உழைத்தேன், களைப்பதற்கு?’ என்று முதியவர் இல்லை என்பார். சோர்வு என்று எழுதினால் மனநோயை நினைத்து அஞ்சுவார். அசதி என்றால் உறக்கத்தை நினைப்பார். சோம்பல் என்னும் சொல் அருகில் வந்தாலே, தன்மானம் உள்ளவர் எல்லாவற்றுக்கும் ஒன்று என்று எண் இட்டுத் தாளை நீட்டிவிடுவார். வைத்தியர் அதைப் பார்த்து, களைப்பே இல்லை என்று குறிப்பெழுதுவார். சொல் ஒன்று பிழைத்தால் நோயே இல்லாததாகிவிடும். எங்கள் வாதம் இரண்டு மாலை நீண்டது. மாணவர் ‘இயலாமை’ என்றார். அது கைகால் வழங்காமையையும் குறிக்குமே என்று மறுத்தேன். நான் மாட்டாமையை எடுத்தேன். ‘ஐயா, இந்தக் காலத்தில் அதை யார் அறிவார்?’ என்று அவர் சிரித்தார். அவர் சொன்னது உண்மை.

ஈற்றில், ‘ஓய்வெடுத்தும் தீராத ஏலாமை’ என்று எழுதி, நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கண்ணாடியை அணிந்து, வாக்கியம் வாக்கியமாக வாசித்து, கணக்கு ஆசிரியருக்குரிய ஒழுங்கோடு எண் இட்டு வந்தார். ஆறாம் வாக்கியத்தோடு பேனாவை வைத்துவிட்டார். மனைவியார் தேநீர் கொண்டுவந்தார். அரைமணி கழித்து மற்ற மூன்றுக்கும் எண் இட்டார்.